முப்பிடாதியம்மாளின் மூச்சும் பூலோகத்தின் பெயரும்

இப்போது கல்யாணப் பத்திரிகையை எவன் படிக்கிறான்? போனில் வந்ததும் தன் பேர் இருக்கிறதா என்று தேடுவான். இல்லையென்றால் கல்யாணத்துக்கே வரமாட்டான். இந்தப் புத்தியால்தான் போன வருஷம் மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகாலுக்கு, நாற்பத்தொரு பேருக்கு ஒரே நேரத்தில் மூச்சு முட்டியது.

மும்பை தாராவியில் தொண்ணூறடி ரோட்டுப் பிரேமலதாவுக்குக் கல்யாணம். அப்பா இல்லாத பெண். பெரியப்பா பூலோகம், பத்திரிகையில் தன் பேர் மட்டும் தடித்த எழுத்தில், மற்றவர்களைவிட இரண்டு மடங்காக நிற்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். கம்ப்யூட்டரில் பத்திரிகை அடிக்கிற டி.டி.பி. கடை ராஜபாண்டிக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். இடம் பத்தவில்லை, அழைக்கிற மற்ற நாற்பத்தொரு சொந்தக்காரர் பேரிலும் எழுத்து இடைவெளியை ஒரே இழுப்பில் நெருக்கினான். எழுத்தோடு எழுத்து இடித்தது; அந்தப் பேர்க்காரர்களுக்கு மூச்சு முட்டியது. முலுண்டில் ஒரு சித்தப்பா ரயிலேறப் போனவர் பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டார். இருப்பதிலேயே நீளமான பேர் பெண்ணின் அம்மா முப்பிடாதியம்மாளுக்கு. அதனால் அவளுக்குத்தான் அதிகம் முட்டியது. ஆஸ்பத்திரியில் நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றார்கள். உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

உதவிக்குச் சொந்தக்காரர்களைப் போனில் கூப்பிட்ட பிரேமலதா, பத்திரிகையில் பேர் போட்டவர்கள் எல்லோரும் மூச்சிரைப்பதைக் கேட்டு, டி.டி.பி. கடைக்கு ஓடிவந்தாள். பூலோகம் அங்கேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் சொன்னதும் ராஜபாண்டி அந்த நாற்பத்தொரு பேரின் எழுத்தையும் சிறிசாக்கிப் பார்த்தான். மட்டமான ஃபாண்ட்; சுழியெல்லாம் அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து போன்: இப்போது மூக்கும் அடைத்துவிட்டதாம்.

"அண்ணாச்சி, உங்க பேரச் சின்னதாக்குனா எல்லாத்தையும் தளத்திரலாம்."

"ஏலே, நீ பெட்டியில இழுத்தா அவளுக்கு அங்க மூச்சு இழுக்குமாக்கும்? யாருகிட்டல கத விடுத?"

"பெரியப்பா, அம்மைக்குக் கண்ணு சொருகுதாம்." பிரேமலதா அழவில்லை. "உங்க பேரா, எங்கம்மையா? சொல்லுங்க."

பூலோகம் திரையையே பார்த்தார். நம்பவில்லை.

"அழிச்சுத் தொலை. முழுசா அழி. பொடி எழுத்துல ஒருத்தனும் என் பேரப் போடவேண்டாம்."

அழித்து, இடைவெளியைத் தளர்த்தினான். நாற்பத்தொரு பேரும் தள்ளி உட்கார்ந்தார்கள். முப்பிடாதியம்மாள் எழுந்து அரை கிளாஸ் கட்டிங் சாய் கேட்டதாகப் போன் வந்தது.

"ஊசி போட்டிருப்பான்," என்று பூலோகம் எழுந்தார். தாளில் இடம் போனதிலிருந்து அவர் கால் தரையில் படவில்லை. ஒரு விரற்கடை இடைவெளி. கல்யாணத்தில் நாற்காலிக்கு ஒரு விரற்கடை மேலே உட்கார்ந்து சாப்பிட்டார். போட்டோக்காரன் கொஞ்சம் இறங்கச் சொன்னான், அவ்வளவுதான்.

ஒரு வருஷமாகியும் செருப்பு தேயவில்லையே என்று செருப்புக்கடை கரீம் பாட்சா கேட்டான்.

"நல்ல தோலு," என்று சொல்லிவிட்டு, மழைச்சேற்றில் தடம் விழாமல் சந்துக்குள் நடந்துபோனார்.