டபுள் எக்ஸ்எல் சைஸ்ல நம்ம ஊரு

நான் முருகேஷ் எழுதுறேன், வயசு இருவது, திருப்பூர்ல அவிநாசி ரோட்டுப் பக்கம் பனியன் கம்பெனி ஹாஸ்டல்ல இருக்கேன். மாமா போன யாரு எடுத்தாலும் இத அனுசுயா அக்காவுக்குப் படிச்சுக் காட்டுங்க.

அக்கா, பாப்பா காதுகுத்துக்கு மூணு நாள் லீவு கேட்டேன். அதுலதான் சிக்கல்.

இப்ப ஓடுற ஆர்டர்ல டீ-சர்ட் பூரா வெள்ளக்காரன் காலத்து மலை மேப்பு. உத்துப் பாத்தா நம்ம மலைக்கா. வலது கக்கத்துக்குக் கீழ கருநெல்லின்னு நம்ம ஊரு பேரே இங்கிலீஷ்ல இருக்கு. சந்தோசத்துல மேனேஜர் இளங்குமரன் சார்கிட்ட காட்டித் தொலச்சுட்டேன்.

அவரு இஞ்ச் டேப்ப எடுத்து அடிவாரத்துலருந்து ஊரு வரைக்கும் அளந்தாரு. ஒரு இஞ்சுக்கு நாலு மைலுன்னு அதுலயே போட்டிருக்கு.

"ரெண்டு இஞ்ச்சுதானே கண்ணு? காலைல போயிட்டு சாயங்காலம் வந்தரலாமே."

"மலைங்க சார். அந்தக் கோடெல்லாம் நெருக்கமா இருக்குதுல்ல, அது பூரா மூச்சு வாங்குற எடம். ஏறவே ஒரு பகல் ஆகும்."

"அது பிரிண்ட்ல கோடு ஒட்டிக்கிச்சு. சரி பண்ணச் சொல்லிக்கலாம்."

செக்கிங் ஜெயபாரதி அக்கா, "மீடியத்த ஏன் தம்பி காட்டுன? டபுள் எக்ஸ்எல்லக் கொண்டு போ"ன்னாங்க. அதுல பிரிண்ட்டும் பெருசு. ஊரு அரை இஞ்ச்சு தள்ளிப் போயிருந்துச்சு. சார் யோசிச்சாரு. லீவு கெடச்சிருச்சுன்னே நெனச்சேன்.

"வாஷ் பண்ணுனா சுருங்குமே"ன்னு வாஷிங்குக்கு அனுப்பிட்டாரு. வந்ததும் அளந்தா ஊரு கிட்ட வந்திருச்சு. நான் ஓரத்தப் புடிச்சு இழுத்தேன். "இழுக்காத கண்ணு, பனியன் துணி, இழுத்தா ஊட்டி வரைக்கும் வரும்"ங்கறாரு.

அப்புறம் அவரே ஸ்மால் சைஸ எடுத்தாரு. அதுல நம்ம ஊரு கை தைக்கறதுக்குத் துணி வெட்டுற எடத்துல வெட்டுப்பட்டு வேஸ்ட் மூட்டைக்குப் போயிருச்சு. "இல்லாத ஊருக்கா லீவு கேட்ட?"ன்னு சிரிச்சுக்கிட்டே ஒரு நாள் மட்டும் எழுதிக் குடுத்துட்டாரு.

ஒரு நாள்ல அடிவாரம் வந்து திரும்பத்தான் முடியும்க்கா. தாய்மாமன் நான் இருக்கறப்ப மாமாவோட தம்பி மடில பாப்பாவ உக்கார வெச்சிடாதீங்க.

இதப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும், பாப்பாவையும் ஆசாரியையும் கூட்டிக்கிட்டு அடிவாரத்துல பஸ் நிக்கிற எடத்துக்கு எறங்கி வரச் சொல்லி அக்காகிட்ட சொல்லுங்க.