ஏஞ்சல் கதையின் கடைசி வரி

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. என் எரிச்சல் இல்லை, சுந்தரராஜின் எரிச்சல். சங்கரன்கோவிலில் நாற்பது வருடம் பத்திரம் எழுதி ஓய்ந்தவர். பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கும் சில குடும்பங்கள், தங்கள் பிள்ளைகள் ஒன்பது பேர் எழுதிய கதைகளைப் புத்தகமாகப் போட நினைத்து, திருத்தித் தரச்சொல்லி அவரிடம் கொடுத்தன. அன்று மதியமே அவருடைய ரத்த அழுத்தம் கோயில் கோபுரத்தைத் தாண்டியது. (கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன். பாதிக் கோபுரம்.)

2

தொடக்கம் ஒன்று: மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு...

வேண்டாம். எங்கள் ஊரில் விடாத மழை என்றால் யார் நம்புவார்கள்?

தொடக்கம் இரண்டு: சுந்தரராஜ் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

பன்னிரண்டு வயது ஏஞ்சல், அப்பாவோடு புளியங்குடி எலுமிச்சை மண்டிக்குப் போகும் ஒரு சிறுமியைப் பற்றி எழுதியிருந்தாள். சுந்தரராஜ், பத்திரத்தில் மனைக்குப் போடுவதுபோல அந்த மண்டிக்கு நான்கு எல்லை போட்டார்: வடக்கே டீக்கடை, தெற்கே பொதுப்பாதை. சிறுமிக்குத் தகப்பனார் பெயர், கதவு எண் எல்லாம் சேர்த்தார். அடுத்த வரியிலிருந்து அவள் 'மேற்படி சிறுமி'.

[நான் எழுதும் இந்தக் கதையையும் அவரிடம் காட்டினேன். ஊர்ப்பெயருக்குப் பின்னால் தாலுகா, மாவட்டம் எழுதித் தந்தார். எடுத்துவிட்டேன்.]

3

ஏஞ்சல் தன் அம்மா ஞானசெல்வியோடு வந்து நின்றாள்.

"தாத்தா, யாரு இந்த மேற்படி?"

"உன் கதையில வார பிள்ளதாம்மா. நாளைக்கு வேற யாரும் உரிமை கொண்டாடிறக் கூடாதுல்லா."

"அவள யாரு தாத்தா தூக்கிட்டுப் போகப்போறா?"

முனகிக்கொண்டே எல்லைகளை விட்டுக்கொடுத்தார். கடைசி வரியை மட்டும் விடவில்லை. 'அதற்குப் பிறகு அவள் அப்பாவோடு எங்கேயும் போகவில்லை' என்று ஏஞ்சல் முடித்திருந்தாள். அவர் அதை அடித்துவிட்டு, 'இருவரும் மகிழ்ச்சியாக வீடு வந்து சேர்ந்தார்கள்' என்று எழுதியிருந்தார்.

"ஏன் போகலன்னு காரணம் சொல்லணும்மா. இல்லன்னா செல்லாது."

"அவ சொல்லல தாத்தா. நானும் கேட்டுப் பாத்துட்டேன்."

"ஏட்டி, அண்ணாச்சி எழுதுனதே இருக்கட்டும்," என்றாள் ஞானசெல்வி. "பிள்ளைய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலன்னு ஏற்கெனவே பேசுதாவ. இதப் படிச்சா உங்க அப்பாவத்தான் எழுதிருக்கன்னு சொல்லுவாவ."

"அந்த வரி இல்லன்னா என் கதையே வேண்டாம். எடுத்துருங்க."

4

அந்த நேரம் பார்த்து அச்சகத்திலிருந்து ரிபாயி போன்.

"அண்ணாச்சி, எட்டுப் பிள்ளைக கதையும் முடிஞ்சிட்டு. ஏஞ்சல் கதையில கடைசி வரி அடிச்சுத் திருத்திருக்கு. எந்த வரியப் போட? மெஷின் சும்மா நிக்கி."

ஞானசெல்வி தரையைப் பார்த்தாள். ஏஞ்சல் சுந்தரராஜின் வாயையே பார்த்தாள்.

முடிவு ஒன்று: சுந்தரராஜ் கண்கலங்கி... [அந்த மனுஷனா? சும்மா இருங்கள்.]

முடிவு இரண்டு: ஏஞ்சலே மனம் மாறி, அம்மாவைக் கட்டிக்கொண்டு... [படித்தால் வீடேறி வந்து சண்டை போடுவாள்.]

முடிவு மூன்றைக் கஷ்டப்பட்டு எழுதினேன்: ரிபாயியிடம் சுந்தரராஜ் ஒரு வரியைச் சொல்லிவிடுகிறார். சுந்தரராஜ் படித்துவிட்டு, "நான் ஏன்வே அப்படிச் சொன்னேன்? காரணத்தக் காணமே?" என்றார்.

எனக்கென்ன தெரியும்? எரிச்சலில் மூன்றையும் அடித்துவிட்டேன். ரிபாயி இன்னும் லைனில்தான் இருக்கிறார். எந்த வரி என்று நீங்களே சொல்லிவிடுங்கள். ஒன்றே ஒன்று: அவரிடம் சொல்வதற்கு முன்னால், ஏஞ்சலின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.