மாமியார் வருகையும் மாடிப்படியும்

நான் வேலை பார்ப்பது ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில். மெஷின்கள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவளிடம் ஒரு விரிப்பை எடுக்கச் சொல்லவும் தொண்டை கிழியக் கத்த வேண்டும். வீட்டுக்கு வந்தால் காது கேட்காத புருஷன். அங்கேயும் கத்தல், இங்கேயும் கத்தல். என் தொண்டைக்கு ஓய்வு நான் செத்த பிறகுதான் என்று மகளிடம் சொல்வேன். “அப்பவும் அப்பாவை நாலு திட்டு திட்டிட்டுத்தான் போவே” என்பாள் அவள்.

அவர் அதே ஹோட்டலின் பிக் பேண்டில் சாக்ஸபோன் வாசித்தவர். டிரம்பெட் ஒரு வரிசை, டிராம்போன் ஒரு வரிசை, சாக்ஸபோன் ஒரு வரிசை, ஓரத்தில் பியானோ, பாஸ் என்கிற ஆள் உயரத் தந்தி வாத்தியம், டிரம்ஸ். எல்லாம் ஸ்விங் ஜாஸ். கேட்டால் கால் சும்மா இருக்காது. டிரம்பெட்காரர்களுக்கு நேர் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்தே அவர் காது போனது. போன மாதம் ஆபரேஷன் செய்து தலைக்குள் ஒரு கருவியை வைத்தார்கள். அதோடு சேர்ந்த இன்னொன்றைக் காதோரம் மாட்டிக்கொண்டால் சத்தம் கேட்கும்.

கேட்டது. “என் குரல் எப்படி இருக்கு?” என்று ஆசையாகக் கேட்டேன்.

“தகர டப்பாக்குள்ள இருந்து யாரோ பேசற மாதிரி இருக்கு.”

யாரோவாம்! இத்தனை வருஷம் இவரோடு குப்பை கொட்டியவள் யாரோ.

அதை வைத்துக் கேட்கப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். “புதுசா கேக்கறவர்னு நினைச்சுக்குங்க சார். ஒரே குரல், ஒரே வாத்தியம், அப்படி ஆரம்பிங்க.” இவர் கேட்டால்தானே? “எங்க பேண்ட் கேக்கலைன்னா எனக்கு இது எதுக்கு? திங்கக்கிழமை வரைக்கும் பாப்பேன். இல்லேன்னா கழட்டி உங்க மேஜை மேலயே வெச்சுட்டுப் போயிடுவேன்” என்று சொல்லிவிட்டு வந்தார். சொன்னால் செய்கிற ஆள்.

எனக்குப் பாட்டு வேண்டாம். அடுப்படியில் நின்றபடி, கத்தாமல், “சாப்பிட வாங்க” என்று சொன்னால் மனுஷர் எழுந்து வர வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். அதற்கு அந்தப் பாழாய்ப்போன பேண்டை முதலில் அவருக்குக் கேட்க வைத்தாக வேண்டும். என்ன தலையெழுத்தோ.

டிரம்ஸ் வாசித்த அவருடைய சிநேகிதரை வீட்டுக்குக் கூப்பிட்டேன். பேண்டில் அவருக்குக் ‘கடிகாரம்’ என்று பட்டப்பெயர். மேடையில் தாளம் இம்மி பிசகாது. மேடைக்குத்தான் ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை.

“புதுசா கேக்கறவங்களுக்கு எந்தப் பாட்டுல ஆரம்பிக்கலாம்?” என்றேன்.

“இதுல யோசிக்க என்ன இருக்கு அண்ணி? ‘மாமியார் வருகை’தான்.”

அது பாட்டின் நிஜப் பெயர் இல்லை. வாயில் நுழையாத பெயர்களுக்குப் பதிலாக அவர்களே வைத்துக்கொண்ட பெயர்கள். அந்தப் பாட்டில் எல்லாரும் குசுகுசுவென்று வாசித்துக்கொண்டிருக்கும்போது டிரம்பெட் வரிசை முழுக்க எழுந்து நின்று அலறும். முதன்முறை கேட்பவர்கள் துள்ளி உட்கார்ந்துவிடுவார்கள்.

அதன் பதிவைப் போட்டோம். டிரம்பெட் அலறியதும் இவர் முகம் சுண்டிப்போனது.

“சந்தைக்கடை மாதிரி இருக்கு. எவன் என்ன வாசிக்கறான்னே தெரியல.” காதில் இருந்ததைக் கழற்றி அலமாரியில் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

“எல்லாரையும் இதுதான் அண்ணி எழுப்பி உட்கார வெக்கும்” என்று இழுத்தார் கடிகாரம்.

“ஆமா, இவரைப் படுக்கவே வெச்சிடுச்சு. போங்க, போய் வேலையப் பாருங்க.”

மறுநாள் வேலையில் கை தலையணை உறைகளை மடித்தாலும் மனம் அதிலேயே கிடந்தது. சலவைக்கூடத்தை ஒட்டிய அறையில்தான் பேண்டுக்காரர்கள் ஒத்திகை பார்ப்பார்கள். புதுப் பாட்டு என்றால் முழு பேண்டும் சேர்ந்து உட்கார்ந்து தொடங்கியதே இல்லை. முதலில் பாஸும் டிரம்ஸும். அப்புறம் சாக்ஸபோன் வரிசை தனியாக. அது படிந்த பிறகு டிராம்போன். டிரம்பெட் கடைசியில். வாசிக்கிறவர்களுக்கே அப்படித்தான் ஊட்டினார்கள். இவருக்கு மட்டும் எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் வாயில் திணித்தால் எப்படி இறங்கும்? டாக்டரம்மா சொன்னதும் இதைத்தானே! என் மரமண்டைக்கு அப்போதுதான் உறைத்தது.

கடிகாரத்திடம் ஒத்திகைப் பதிவுகள் இருந்தன. ‘மாடிப்படி’ என்ற பாட்டைத் தோண்டித் துருவி எடுத்துக் கொடுத்தார். பாஸ் படிப்படியாக ஏறி இறங்கும், நிதானமான பாட்டு.

ஞாயிறு மதியம் கெஞ்சிக் கூத்தாடி அவர் காதில் மாட்டினேன். “இதான் கடைசி” என்றார். பாஸும் டிரம்ஸும் மட்டும் போட்டேன். கொஞ்ச நேரத்தில் கால் கட்டைவிரல் அசைந்தது. அடுத்தது சாக்ஸபோன் வரிசை. நெற்றி சுருங்கியது.

“அதுல நான் இருக்கேனா?”

“முதல் நாற்காலில உட்கார்ந்து முன்னால வாசிக்கறதே நீங்கதான்!” என்று கத்தினேன்.

“தெரியலயே” என்றார். டிராம்போன் வந்ததுமே கையை உயர்த்தினார். “போதும். நிறுத்து.”

நிறுத்தினேன். அவர் விரல்கள் காதோரம் போயின. அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அடுப்படிக்குப் போய், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டியின் முன் நின்றேன். பாத்திரத்தைத் தொடக்கூடக் கை வரவில்லை. கத்திக் கத்தி ஓய்ந்த தொண்டையில் முணுமுணுப்புதான் வந்தது.

“இந்த மனுஷனோட மல்லுக்கட்டி மல்லுக்கட்டி எனக்கு முடியலடா சாமி.”

“எனக்கு மட்டும் முடியுதாக்கும்?”

பின்னாலிருந்து வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் வாயசைப்பைப் பார்த்துத்தான் அவருக்குப் பாதி புரியும். இப்போது அவருக்குத் தெரிவது என் முதுகு மட்டும்.

வேண்டுமென்றே திரும்பவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. “என்ன சொன்னீங்க?”

“நீ சொன்னதுக்குப் பதில் சொன்னேன்.”

“இன்னும் தகர டப்பாதானா?”

“தகர டப்பாதான். ஆனா உள்ள இருக்கறது நீதான். இந்தச் சலிப்பு வேற எவளுக்கும் வராது.”

அழுதுவிட்டேன். கைத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். இனி இந்த வீட்டில் வாய்க்குள் திட்டவும் முடியாதே என்று நினைத்ததும் சிரிப்பும் வந்து தொலைத்தது.

“அந்தப் பாஸும் டிரம்ஸும் மட்டும் இன்னொரு தடவை போடேன்” என்றார்.

“நாளைக்கு டாக்டரம்மா மேஜை மேல வெக்கப் போறதுக்கு எதுக்காம்?”

“அங்க கேக்க வேண்டியது இருக்கு. சாக்ஸபோன் எப்ப எனக்குத் தெளிவா கேக்கும்னு அவங்ககிட்ட கேக்கணும்.”

அடுப்பில் இருந்ததை இறக்கினேன். தட்டை எடுத்து வைத்தேன். அவர் பக்கம் திரும்பாமல், பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வது போலச் சொன்னேன்.

“முதல்ல சாப்பிட வாங்க.”

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.