மூன்றாம் துளை

சண்டை முடிந்து, ராணுவத்திடம் சரணடையப் பாலத்தடி வரிசையில் நின்றபோது, செயற்கைக் காலின் வாரை இறுக்கிவிடச் சொன்னார் என் கணவர். பட்டினியில் தொடை மெலிந்து கால் நழுவிக்கொண்டிருந்தது. நான் மண்ணில் குந்தி, வாரை இரண்டாம் துளையிலிருந்து மூன்றாம் துளைக்கு மாற்றினேன்.

"காணும், காணும். அறுத்துப்போடாதை," என்றார்.

இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களும் வந்து பதியலாம், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்று ஒலிபெருக்கி தமிழில் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் பதிந்தார். பதிந்தவர்களைத் தனியாக நிறுத்தி, செயற்கைக் கால் போட்டவர்களை அதைக் கழற்றச் சொன்னார்கள், உள்ளே ஏதும் ஒளித்திருக்கிறதா என்று பார்க்க. பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கவில்லை. விறகுபோலக் குவித்தார்கள். அவர் ஒற்றைக் காலில் கெந்திக் கெந்தி பஸ்ஸுக்குப் போனார். ஒரு சிப்பாய் 'கொரா' என்று கூப்பிட்டபடி பின்னால் கெந்திக் காட்ட, மற்றவர்கள் சிரித்தார்கள். சிங்களத்தில் நொண்டி என்று அதற்கு அர்த்தம். அதை நான் தெரிந்துகொண்டது கொழும்புக்கு வந்த பிறகுதான்.

பஸ் போனதும் குவியலில் அவருடைய காலைத் தேடி எடுத்தேன். அவரை விட்டதும் தேவைப்படும் அல்லவா?

அந்தக் காலை ஒரு சீலையில் சுற்றிக்கொண்டு எத்தனையோ தடுப்பு முகாம் வாசல்களுக்குப் போனேன். உள்ளே விடாவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் கொடுத்துவிடுங்கள், அவரால் நடக்க முடியாது என்று கேட்டேன். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்பதுதான் எல்லா வாசலிலும் பதில்.

இப்போது வெள்ளவத்தையில் ஒரு மேல்மாடி வீட்டில் நானும் மகள் சாம்பவியும் இருக்கிறோம். இங்கே அது பழைய கதை. கடற்கரையில் நடக்க வருகிறவர்கள்கூட, இன்னும் அதையா நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அன்பாகத்தான் கேட்பார்கள்.

போன மாதம் சாம்பவிக்கு ராகுலனைப் பேசி முடித்தோம். அவனுடைய தாய் நாகேஸ்வரி அக்கா நுகேகொடையிலிருந்து வந்தார். அழைப்பிதழில் பெண்ணின் தகப்பன் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று போடவேண்டும் என்றார்.

"தங்கச்சி, நாலு பேர் பாக்கிற காட். அமரர் எண்டு போடாட்டி, ஆள் எங்கை எண்டு கேப்பினம்."

"கேக்கட்டும் அக்கா. நானும் அதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறன்."

அவர் கோபிக்கவில்லை. தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு அடுத்ததைச் சொன்னார். செத்தவருக்கு அந்தியேட்டி செய்து சாம்பலைக் கடலில் கரைக்காத வீட்டில் அவர்கள் சம்பந்தம் வைப்பதில்லையாம். சாம்பல் இல்லாவிட்டால் என்ன, அந்தக் காலைக் கடலில் விடலாம். செத்தவருடைய சாமான் கல்யாண வீட்டில் இருக்கக் கூடாது.

சாம்பவி என்னைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ராகுலனைப் பிடித்திருந்தது. நான் மாட்டேன் என்றால் எல்லாம் அதோடு நின்றுவிடும். சரி என்றேன். செத்துவிட்டார் என்று, கொண்டுபோனவர்கள் ஒருநாளும் வாயால் சொல்லாத சொல்லை அவர்களுக்காக நான் சொன்னேன்.

முகத்துவாரத்தில் கிரியை நடந்தது. என் கணவரின் ஒன்றுவிட்ட தம்பி இராமர் தர்ப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஐயர் திதி கேட்டார்.

"எனக்குத் தெரியாது ஐயா. கொண்டுபோனவைக்குத்தான் தெரியும்."

 திதி தெரியாதவர்களுக்கு அமாவாசை என்று ஒரு வழக்கம் இருக்கிறது என்றார் ஐயர். அப்படியே ஆயிற்று. எந்த நாளில், எந்தக் குழியருகில், எத்தனை பேரோடு என்று எதுவும் தெரியாமல் அவருக்கு ஒரு நிலவில்லாத நாளைக் கொடுத்தோம்.

பிண்டத்தை இராமர் கடலில் விட்டார். நான் கொண்டுபோயிருந்த, சீலையில் சுற்றிய பொதியையும் அதோடு விட்டார். அது சட்டென்று தாழ்ந்துபோனது. நாகேஸ்வரி அக்கா என் தோளைப் பிடித்து, இனி எல்லாம் நல்லபடி நடக்கும் என்றார்.

பொதிக்குள் இருந்தது அம்மிக் குழவி. அரைக்க மிக்ஸி இருக்கிறது.

நேற்று அழைப்பிதழ்கள் வந்தன. 'அமரர் தவநாதன்' என்று பொன் எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஒன்றை சாமிப் படத்தடியில் வைத்துவிட்டு, மற்றவற்றைக் கட்டிலுக்கடியில் தள்ளிவைத்தேன், காலுக்குப் பக்கத்தில்.

வார் இன்னும் மூன்றாம் துளையில்தான் இருக்கிறது.