ரேகை விழாத விரல்கள்

அந்தப் பயணம் வருடக்கணக்காகத் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஒரு தடவை யாருக்கோ பிரசவம், இன்னொரு தடவை யாருக்கோ முழங்காலில் ஆபரேஷன். ஒருவழியாகத் தெருக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து விமானம் ஏறிக் கடல் தாண்டி இறங்கியபோது, குழுவை அழைத்து வந்த கேப்டன் பெருமூச்சு விட்டார். கப்பல் கேப்டன் இல்லை; ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்து ஓய்வுபெற்றவர். எல்லோரையும் வரிசையில் நிறுத்தியே பழகியதால் வந்த பெயர் அது.

அந்தப் பெருமூச்சு அடங்குவதற்குள், குழுவில் மனைவிமாரோடு வந்திருந்த அண்ணன் தம்பியில் தம்பியை, சின்னவளின் கணவனை, உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

அவனுக்குத் தரையில் டைல்ஸ் ஒட்டும் வேலை. மீசை முளைத்த நாளிலிருந்து சிமெண்டில் ஊறிய கை. பாஸ்போர்ட் பார்க்கும் இடத்தில் கண்ணாடித் தகட்டின்மேல் விரலை வைக்கச் சொன்னார்கள். வைத்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். மறுபடியும் சிவப்பு. ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்துவிட்டு, அதிகாரி எழுந்து அவனை ஒரு கதவுக்குள் கூட்டிப்போனார். கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

சின்னவள் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பயந்தால் அவனுக்குச் சிரிப்பு வரும். சாவு வீட்டில்கூட ஒருமுறை அப்படிச் சிரித்து, நாலு பேர் முகம் சுளிக்க அவள்தான் வெளியே இழுத்து வந்தாள். உள்ளே எவன் முன்னாலாவது பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறானோ என்னவோ.

வெளியே வண்டி காத்திருந்தது. டிரைவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். கேப்டன் கையைப் பிசைந்தார்.

"நீங்கல்லாம் கிளம்புங்க. தம்பியை விட்டுட்டு நான் எங்க வர்றது" என்றார் பெரியவர், அவனுடைய அண்ணன். சொல்லும்போதே அவருக்கு முகம் வெளிறியது.

"நீங்க இருந்து என்ன பண்ணப் போறீங்க?" என்றாள் அவர் மனைவி. "உங்க பிரஷருக்கு இன்னொருத்தர் காவல் இருக்கணும். பெட்டியெல்லாம் ஏத்திக்கிட்டுப் போங்க. நான் இவளோட இருக்கேன்."

வேறு யார் இருந்தாலும் சின்னவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வீடு இரண்டாகப் பிரிந்தபோது, 'அவ கால் வச்ச நேரம், அடுப்பு ரெண்டாச்சு' என்று பெரியவள் நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து ஓரகத்திகள் இருவருக்கும் பேச்சு கிடையாது. எதுவானாலும் கணவன்மார் வழியாகத்தான். விமானத்தில்கூட ஒருத்தி முன்வரிசை, ஒருத்தி பின்வரிசை.

இருவரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. விமானங்கள் வந்து ஜனங்கள் வழிந்து போனார்கள். அந்தக் கதவு மட்டும் திறக்கவில்லை.

"தண்ணி குடி" என்றாள் பெரியவள், முகத்தைப் பார்க்காமல்.

"வேணாம்."

"மயங்கி விழுந்தா உன்னை யாரு தூக்குறது? எனக்கு இடுப்பு சரியில்ல. குடி."

சின்னவள் குடித்தாள்.

அதற்குமேல் பெரியவளால் உட்கார முடியவில்லை. கவுண்டரில் இருந்த இளம்பெண்ணிடம் போய் நின்றாள். அந்தப் பெண் என்னமோ கேட்டாள்; இவளுக்குப் புரியவில்லை. இவள் சொன்னதும் அவளுக்குப் புரியவில்லை. பெரியவள் சட்டென்று குனிந்து, இல்லாத கலவையைக் குழைத்தாள். இல்லாத கரண்டியால் தரையில் பூசினாள். இல்லாத டைல்ஸை வைத்து நாலு மூலையிலும் தட்டினாள். பிறகு விரல் நுனிகளைக் காட்டி, தேய்ந்துவிட்டது என்று ஊதிக் காட்டினாள். அந்தப் பெண் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

சாயங்காலம் அவன் வெளியே வந்தான்.

"அண்ணி, ஒரு பொண்ணு உள்ள வந்து தரை பூசுற மாதிரி ஆடிக் காட்டுச்சு" என்றான். "அப்புறந்தான் அவங்களுக்கு ஏதோ வெளங்குச்சு. சிரிச்சேன்னு மொதல்ல ரொம்பக் கோபமாயிட்டாங்க."

முழுதாக விட்டுவிடவில்லை. பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டார்கள். இரண்டு நாள் கழித்து நகரத்தில் இருக்கும் அலுவலகத்துக்குப் போய்த் திரும்ப விரல் வைக்க வேண்டும். ரேகை விழாவிட்டால் அடுத்த விமானத்தில் ஊருக்கு.

அந்த இரண்டு நாளும் மற்றவர்கள் கோட்டை பார்த்தார்கள், கடைவீதி சுற்றினார்கள். அவன் அறையை விட்டு நகரவில்லை. தோல் இளகி ரேகை தெரியட்டும் என்று இரண்டு கைகளிலும் எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். சின்னவள் ரொட்டியைப் பிய்த்து ஊட்டினாள். எட்டிப் பார்த்த கேப்டன், "மருதாணி போட்ட கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கியேப்பா" என்றார். யாரும் சிரிக்காததால் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

"திருடனுக்குத்தான் ரேகை எடுப்பாங்கன்னு நெனச்சிருந்தேன்" என்றான் அவன். "எனக்கு அதுகூட இல்ல பாரு."

அவள் மடியிலிருந்த ரொட்டித் துணுக்குகளைத் தட்டிவிட்டு எழுந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று பெட்டியைக் கட்டி வாசலோரம் வைத்தாள். தான் மட்டும் தங்கிச் சுற்றிப் பார்ப்பது என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை.

பெரியவள் வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். அதைத் திறந்து, ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து உதறினாள்.

"நாளைக்கு இதைப் போட்டுக்கச் சொல்லு. கசங்கின சட்டையோட போனா சந்தேகப்படாதவனுக்கும் சந்தேகம் வரும்."

"நீங்களும் வர்றீங்களா அக்கா?" என்று கேட்ட பிறகுதான், நேருக்கு நேர் அக்கா என்று கூப்பிட்டுவிட்டது சின்னவளுக்கு உறைத்தது.

"பின்ன? அங்க யாரு பூசிக் காட்டுறது?"

அலுவலகத்தில் ஒரு வயதான அதிகாரி இருந்தார். வலது கை விரல் எல்லாவற்றுக்கும் சிவப்பு விளக்கு. இடது கட்டைவிரல், சிவப்பு. ஆள்காட்டி விரல், சிவப்பு. அவன் உதடு கோணத் தொடங்கியது. சின்னவள் பின்னாலிருந்து அவன் முதுகில் நறுக்கென்று கிள்ளினாள். சிரிப்பு நின்றது. அதிகாரி அவன் இடது சுண்டுவிரலைப் பிடித்து, பஞ்சால் துடைத்து, தானே மெல்லத் தகட்டின்மேல் வைத்து அழுத்தினார். கொஞ்ச நேரம் எந்த விளக்கும் எரியவில்லை. சின்னவள் பக்கத்திலிருந்த கையைப் பற்றினாள். அது பெரியவளின் கை, சில்லென்று இருந்தது. தைரியசாலி என்று தான் நினைத்திருந்தவளுக்கும் இவ்வளவு பயமா என்று சின்னவளுக்கு இருந்தது.

பச்சை.

அதிகாரி பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திக் கொடுத்தார். மூவரும் தெருவுக்கு வந்தார்கள். அவன் நடைபாதை ஓரமாகப் போய்ச் சுவரில் சாய்ந்து கொஞ்சம் அழுதான். இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பெரியவர் போன் செய்தார். குழு ஏரிக்குக் கிளம்பிவிட்டதாம், படகுக்கு இனி நேரமில்லையாம்.

"போகட்டும் விடுங்க" என்றாள் பெரியவள் போனில். "தண்ணிய ஊர்லயும் பாக்கலாம். நாங்க இங்கயே சுத்திட்டு வர்றோம்."

வீடு பிரிந்த அன்று பெரியவள் சொன்ன சொல் சின்னவளின் மனதிலிருந்து போய்விட்டது என்று சொல்ல முடியாது. அதைப் பற்றி இருவரும் அப்போதும் பேசவில்லை, ஊர் திரும்பிய பிறகும் பேசவில்லை. ஆனால் மூன்று நாளில் முதன்முறையாக அவளுக்குப் பசித்தது.

"ஏதாவது சாப்பிடலாமா அக்கா?"

"எதுத்தாப்புல ஒரு கடை இருக்கு. என்ன கிடைக்கும்னுதான் தெரியல."

"போய்ப் பார்ப்போம்" என்று சின்னவள் முதலில் சாலையில் இறங்கினாள்.