மணவாளனுக்கு மூச்சு போதாத வாரம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கேட்டு வாங்கப்பட்ட கதை. ஒரு பத்திரிகைக்காரர், "இந்த வாரம் விளையாட்டில், உடற்பயிற்சியில், கேட்டதில், படித்ததில் புதிதாக என்ன கண்டீர்கள்? எழுதிக் கொடுங்கள்" என்றார். என் வாரத்தில் என்ன மண்ணாங்கட்டி இருக்கிறது? நடக்கலாமென்று செருப்பை மாட்டினேன், மழை வந்தது. படிக்க உட்கார்ந்தேன், தூக்கம் வந்தது. ஆகவே என் வாரத்தை ஓரமாக வைத்துவிட்டு, 1934ஆம் வருஷத்து, பிரெஞ்சுக்காரர் ஆண்ட வில்லியனூரில் மணவாளன் என்றொரு கரும்புக்காரனை உண்டாக்கி, அவனுக்கு ஒரு வாரம் கொடுத்தேன்.

அவன் கற்பனைதான். செஞ்சியாற்று மணல் கற்பனையில்லை. அதில் சடுகுடு ஆடி முழங்காலைத் தேய்த்துக்கொண்டவன் நான்.

2

தொடக்கத்தை மூன்று தடவை எழுதினேன்.

"பிரெஞ்சுக் கொடி பட்டொளி வீசிப் பறந்த அந்த நாளில்" — சீ! கரும்பு வெட்டுகிறவனுக்கு எந்தக் கொடி பறந்தால் என்ன?

"அகன்ற மார்பும் ஒடுங்கிய வயிறுமாக மணவாளன்" — (இதையும் அடித்தேன். பயலுக்குத் தொப்பை விழ ஆரம்பித்திருந்தது.)

இப்படிப் போகட்டும்: தேர்த் திருவிழா முடிந்த திங்கட்கிழமை, ஆட்டப் பழக்கத்தில், மணவாளன் பாடிப் போய்ப் பாதியில் மூச்சை விட்டான்.

சடுகுடு ஆடியவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. எதிர்ப்பக்கம் நுழைகிறவன் கோட்டைத் திரும்பத் தொடும்வரை ஒரே மூச்சில் "சடுகுடு சடுகுடு" என்று பாட வேண்டும். பாட்டு அறுந்தால் ஆள் காலி. மீசை முளைத்த நாளிலிருந்து வில்லியனூர்க் கட்சிக்கு மணவாளன்தான் தலைவன். பங்காளி நாகராஜன் அன்றைக்குச் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவன் பரிதாபப்பட்டான்.

"அண்ணே, ஞாயித்துக்கெழம அரியாங்குப்பத்தான் வர்றான். இந்த தபா நான் பாடிப் போறேன், நீ ஒக்காந்து பாரு."

மணவாளனுக்குச் சுருக்கென்றது. "அன்னிக்கி என் பாட்டு அந்துச்சின்னா, கட்சிய நீயே எடுத்துக்கடா!" என்று எல்லார் முன்னாலும் வாயை விட்டுவிட்டான்.

3

செவ்வாய்க்கிழமை உடற்பயிற்சி. சொல்தா* அந்தோணிசாமி அவனை வெயிலில் நிறுத்தி, "அன், தே! அன், தே!" என்று பிரெஞ்சில் ஒன்று, இரண்டு எண்ணிக் கையையும் காலையும் ஆட்டவைத்தார். இடுப்புப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். (உடற்பயிற்சி இத்தோடு சரி. பத்திரிகைக்காரர் மன்னிக்கட்டும்.)

*பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவரை ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கறாரான மனுஷர். ஞாயிற்றுக்கிழமைக்கு நடுவரும் அவர்தான்.

புதன்கிழமை மணவாளன் குப்புறப் படுத்துக் கிடந்தான். மனைவி விருத்தாம்பாள் ஒத்தடம் கொடுத்துவிட்டு, அவன் பொழுதுபோக ஒரு பழைய பத்திரிகையை உரக்க வாசித்தாள். அந்தக் காலத்து அச்சில் முற்றுப்புள்ளியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரு வாக்கியம் பக்கம் முழுக்க ஓடும். அவளும் கூடவே ஓடினாள். மணவாளன் தலையைத் தூக்கினான்.

"இன்னாடி, நடுவுல மூச்சே வாங்கல நீ?"

"வாங்குனா எந்த எடத்துல வுட்டேன்னு தெரியாம பூடுது மாமா."

"எங்க, சடுகுடு சொல்லு பாப்பம்."

"அய்ய, ஆம்பள ஆட்டத்த நான் எதுக்குச் சொல்லணும்?" என்று சிரித்தாள். பிறகு சொன்னாள். சொல்லிக்கொண்டே இருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் குரலை அன்றைக்குத்தான் அவன் காது கொடுத்துக் கேட்டான்.

அப்புறம் தினமும் கொல்லையில் அதே வேலை. அவன் பாடிக்கொண்டே சுற்றுவான். அவன் மூச்சு முடிகிற இடத்தில், கால் நின்றுவிடக் கூடாதென்று, நெல் குத்திக்கொண்டே அவள் பாட்டைப் பிடித்துக்கொள்வாள். நடுவில் ஒரு நூல் இடைவெளி இருக்காது.

(முதல் படியில் இவளுக்கு ஒத்தடம் கொடுக்கிற வேலை மட்டும்தான் வைத்திருந்தேன். வாசிக்கத் தெரிந்தவள் என்று எனக்கே புதன்கிழமைதான் தெரியும்.)

4

ஞாயிற்றுக்கிழமை ஆற்று மணலில் கால் வைக்க இடமில்லை. பெண்கள் ஒரு பக்கமாக நின்றார்கள். கடைசி ஆட்டத்தில் மணவாளன் பாடிப் போனான், இரண்டு பேரைத் தொட்டான், திரும்பினான். அரியாங்குப்பத்துத் தலைவன் அய்யனார் அவன் காலைப் பிடித்துக் கவிழ்த்தான். மேலே நாலு பேர் விழுந்தார்கள். முகம் மணலில் புதைந்தது, மூச்சு முடிந்தது, கோடு ஒரு சாண் தூரம்.

"சடுகுடு சடுகுடு சடுகுடு..."

பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது. விருத்தாம்பாள் வேண்டுமென்று செய்யவில்லை. கொல்லைப் பழக்கம். பாட்டைக் கேட்டதும் மணவாளன் கையும் பழக்கத்தில் நகர்ந்து கோட்டைத் தொட்டது. அப்போதுதான் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"செயிச்சாச்சி!" என்று ஊர் கத்தியது.

"சொல்தாரே, இவன் வாய் நெறைய மணலு. பாட்டு எங்கேர்ந்து வந்துச்சி?" என்றான் அய்யனார்.

அந்தோணிசாமி கையை உயர்த்தினார். கூச்சல் அடங்கியது. "பாட்டு அறல, என் காதுல வுழுந்துச்சி. யாரு பாட்டுன்னுதான் தெரியல. மணவாளா, நீயே சொல்லுபா."

5

முடிவு ஒன்று: "என் பாட்டுதான்" என்கிறான். மாலை விழுகிறது. அப்புறம் அந்த வீட்டில் யாரும் உரக்க வாசிப்பதில்லை. (எனக்குப் பொறுக்கவில்லை.)

முடிவு இரண்டு: "அவ பாடுனா" என்கிறான். கட்சி நாகராஜனுக்குப் போகிறது. பொண்டாட்டி மூச்சில் ஆடியவன் என்று ஊர் சிரிக்கிறது. (நல்லவனாக்கிவிடலாம்தான். ஆனால் அவள் பாடியதை இவன் எடுத்துச் சொல்வானேன்?)

உண்மையில் அவன் செய்தது இது. மணலைத் துப்பினான், எழுந்தான், பெண்கள் பக்கம் திரும்பினான்.

"விருத்தா, நீ சொல்லு."

நான் பாடவில்லை என்றால் அவன் தலைவன். நான்தான் பாடினேன் என்றால் அந்த மூச்சு அவளுடையது. அந்த மணலில் ஒரு பெண்ணிடம் அதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை. சொல்தா தொப்பியைக் கழற்றிக்கொண்டு காத்திருந்தார்.

அவள் வாயிலிருந்து கையை எடுத்தாள்.

இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். இவ்வளவு நேரமும் அவளுக்கும் சேர்த்து நானே பேசிவிட்டேன். நீங்களும் கொஞ்சம் சும்மா இருங்கள். அவள் சொல்லட்டும்.