ஊர்ந்த அரிசி

சிதறிய அரிசியைக் கூட்டிப் புடைத்துக்கொண்டிருந்த உலகம்மை, முறத்தில் ஒரு மணி தன்னாலே நகர்வதைக் கண்டு கையை நிறுத்தினாள். சாலைக் கடைத்தெருவில் அந்த அரிசிக் கிட்டங்கிக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து அரிசியில் கல்லும் வண்டும் எலிப்புழுக்கையும் பார்த்திருக்கிறாள். நடக்கிற அரிசியைப் பார்த்ததில்லை. முறத்தைக் கொண்டுபோய், மூட்டை இறக்கிவிட்டுத் தூணில் சாய்ந்திருந்த பூதலிங்கத்திடம் காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான். தட்டையாக, வெள்ளையாக, ஒரு முனை சுருங்கி நீண்டது. வாசற்படியில் பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நகர்ந்துகொண்டிருந்த நாயைப் பார்த்தான்.

"அரிசி இல்லக்கா. அவ வயித்துப் பூச்சி. நாடாப்புழு இப்பிடித்தான் துண்டு துண்டா விழும்."

உலகம்மை முறத்தைத் தட்டுமுன் முதலாளி பின்னால் வந்து நின்றுவிட்டார். விதுரை மலைப்பக்கத்திலிருந்து அரிசி எடுக்க வருகிற வியாபாரிகள் இதைப் பார்த்தால் என் ரங்கூன் அரிசியை யார் வாங்குவான் என்று கேட்டார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. கொல்லம் போய்விட்டு வருகிறேன், வரும்போது அந்த நாய் இன்னும் இப்படியே இருந்தால் முனிசிபாலிட்டி ஆட்களுக்குச் சொல்லிவிடுவேன் என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார். அந்த ஆட்கள் சுருக்குக் கம்போடு வருவார்கள். பிடித்துப்போன நாய் எதுவும் தெருவுக்குத் திரும்பியதில்லை.

கிட்டங்கியில் அந்த நாயை யாரும் வளர்க்கவில்லை. கேட்டால் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். பூதலிங்கத்துக்கு மட்டும் மத்தியானக் கஞ்சியில் கடைசி நாலு வாய் எப்போதும் மிஞ்சிப்போகும். அவனோடு மூட்டை சுமக்கிற தாணுலிங்கம் காலால் தள்ளுகிற மாதிரித் தள்ளி, மீன் தலையைப் போட்டுவிட்டுப் போவான். கணக்கு எழுதுகிற பஞ்சாபகேசய்யர் வலியசாலை அக்கிரகாரத்துக்காரர். நாய் மேலே பட்டால் வீட்டுக்குப் போய்க் குளிக்காமல் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது அவருக்கு. அதனால் சனியனே, தள்ளிப் போ என்பார். ஆனால் அவர் தோசையில் ஒரு துண்டு தினமும் கை தவறி ஒரே இடத்தில்தான் விழும்.

பூதலிங்கத்துக்கு வேறு யாரும் இல்லை. தோள் காய்த்து, இடுப்பு விட்டுப்போய், விடிகாலையில் எழுந்து வரும்போதே அந்தி சாய்ந்த மாதிரி இருக்கும் அவனுக்கு. மூட்டையோடு பலகையில் ஏறப்போகும்போது கணுக்காலில் ஒரு ஈர மூக்கு வந்து முட்டும். ஐயர் பேரேட்டில் பெயரை எழுதும் முன்பே, நீ வந்துட்டியா என்று ஒருத்தி பார்த்துக்கொண்ட மாதிரி. அதற்குப் பிறகு மூட்டை கொஞ்சம் லேசாகத்தான் இருக்கும்.

பூச்சி மருந்து அமாவாசை அன்று கொடுத்தால்தான் கேட்கும். இதை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவன் பிறந்த நாஞ்சில் நாட்டில் பிள்ளைகளுக்கு வயிறு கழுவுவதும் அன்றைக்குத்தான், இங்கே மலையாளத்துக்காரர்களும் கருத்தவாவு என்று அதற்கே காத்திருப்பார்கள். முதலாளி திரும்புமுன் நல்லவேளையாக ஒரு அமாவாசை விழுந்தது. பூதலிங்கம் காய்ந்த கொட்டைப்பாக்கை இடித்துச் சலித்து, கருப்பட்டியில் உருட்டி, விடியுமுன் வந்து நாயின் வாயைப் பிளந்து தொண்டையில் தள்ளினான். மூக்கைப் பிடித்துத் தடவினான். விழுங்கினாள். இவனையே பார்த்து உதட்டை நக்கிக்கொண்டாள்.

முற்பகலில் அவள் எழுந்திருக்கவில்லை. கழிந்தது கழிந்தபடி இருந்தது. புழுவும் வந்தது, முழ நீளத்துக்கு. பிறகு தண்ணீராகப் போயிற்று. வாயில் நுரை ஒழுகக் கால்கள் நடுங்கின. பூதலிங்கம் மூட்டையைப் பாதிப் பலகையிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"எதைக் குடுத்தீரு வே?" என்றான் தாணுலிங்கம்.

"பாக்கு. ஒரே ஒரு உருண்டை."

தாணுலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நான் ஆமணக்கெண்ணெ ஊத்தினேன். அமாவாசையில்லா."

உலகம்மை தலைத்துண்டை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் வேப்பங்கொழுந்தை அரைத்துச் சோற்றில் பிசைந்து வைத்திருந்தாள், யாரும் பார்க்குமுன்னே. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருத்தரும் மற்றவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. சொன்னால் நாய்க்காக உருகுகிறான் என்று ஆகிவிடுமே.

உள்ளே பேனா எழுதும் சத்தம் நின்றிருந்தது. ஐயர் மெல்ல வெளியே வந்தார். தர்ப்பணம் முடித்து வந்த ஈரம் இன்னும் குடுமியில் இருந்தது.

"வாழைப்பழத்துல வாய்விளங்கம் வச்சுப் போட்டேன்," என்றார். "மேலே படாம, எட்டத்திலேருந்துதான் போட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் எத்தனையோ நாள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள், அது வேறு.

பூதலிங்கம் மிருக ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அங்கே இருந்த கம்பவுண்டர் நாலு மருந்தையும் கேட்டுவிட்டு, குதிரையானாலும் படுத்துவிடும் என்று மலையாளத்தில் சொன்னான். ஒரு பொட்டலமும் கொடுத்தான்; உப்பும் சர்க்கரையும் போட்ட கஞ்சித்தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, நிறுத்தாமல் விடச் சொன்னான். பிழைத்தால் தெள்ளுப்பூச்சியை ஒழி. நாய் அதைக் கடித்து விழுங்கித்தான் இந்தப் புழு வயிற்றுக்குப் போகிறது, உடம்பையும் படுக்கிற சாக்கையும் சுத்தம் பண்ணாவிட்டால் எந்த மருந்து கொடுத்தும் மறுபடி வரும் என்றான். அமாவாசை பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. பிழைத்தால் என்று சொன்னதுதான் திரும்பி வருகிற வழியெல்லாம் கூடவே வந்தது.

வந்து பார்த்தபோது வாசலில் அவனுக்குக் கால் நின்றுவிட்டது. பஞ்சாபகேசய்யர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். நாயின் தலை அவர் மடியில் இருந்தது. வேட்டியெல்லாம் நாசம். உலகம்மை சிரட்டையைப் பிடித்திருக்க, அவர் விரலைக் கஞ்சியில் தோய்த்து நாயின் கடைவாயில் சொட்டிக்கொண்டிருந்தார்.

"சாமி, அமாவாசையும் அதுவுமா," என்றான் பூதலிங்கம்.

"குளிச்சாப் போறது," என்றார் நிமிராமல். "தொண்டை அசையறதா பாரு. எனக்குக் கண்ணு தெரியல."

பூதலிங்கம் பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தில் கை வைத்தான். அசைந்தது. பொட்டலத்தைக் கரைத்தார்கள். தாணுலிங்கம் அவள் படுத்திருந்த பழைய சாக்குகளைத் தெருவில் போட்டுக் கொளுத்திவிட்டு வந்து, நனைத்த துணியால் வயிற்று மயிரை விலக்கித் தெள்ளுகளைத் தேடித் தேடி நசுக்கினான். வண்டிக்காரர்கள் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு மாட்டை அவிழ்த்துக் கட்டினார்கள். வெயில் இறங்கியது. ஐயரின் விரல் சிரட்டைக்கும் வாய்க்குமாகப் போய்வந்துகொண்டிருந்தது.

கொல்லத்து வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. முதலாளி குடையை மடக்கிக்கொண்டு படியேறினார். இறக்காத மூட்டைகளையும் திறந்து கிடந்த பேரேட்டையும் கணக்கரின் மடியையும் பார்த்தார். முதலாளி உள்ளே வந்தால் கிட்டங்கியில் எல்லாரும் எழுந்து நிற்பது வழக்கம். அன்று யாரும் எழவில்லை. மடியில் கிடந்தவள் மட்டும் காதை உயர்த்தினாள். பிறகு முன்னங்கால்களைத் தரையில் ஊன்றி, நடுங்கிக்கொண்டே, எழுந்து நிற்கப் பார்த்தாள்.